வாணம் விழுந்த இடம்

தீபாவளிக்கு முந்தின வாரம். கூட்டம் குறைந்த மத்தியான நேரம். நகையை மீட்க வந்த ஒருவர், ரசீது தயாராகும்வரை சும்மா இருக்க முடியாமல், தன் கைபேசியை என் பக்கம் நீட்டி ஒரு செய்தியைப் படிக்கச் சொன்னார். அமெரிக்காவின் தேசிய கீதத்தில் வருகிற ராக்கெட் நம்முடைய ராக்கெட், திப்பு சுல்தானின் ராக்கெட், இதைப் படித்துப் பெருமைப்படுங்கள் என்றிருந்தது.

"நெஜமா சார்?"

"பெரும்பாலும் நிஜம்தான்" என்றேன். அவர் சந்தோஷமாக நகையை எடுத்துக்கொண்டு போனார். எனக்குத்தான் அந்த 'நம்முடைய' என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. போளூரில் உட்கார்ந்துகொண்டு அதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே பார்க்க வேண்டியிருக்கிறது.

1

தகவலைப் பொறுத்தவரை பழுதில்லை. ஹைதர் அலியும் திப்புவும் இரும்புக் குழாயில் மருந்து அடைத்து, மூங்கிலோ வாளின் அலகோ கட்டி ஏவிய வாணங்கள் அக்காலத்து ஐரோப்பாவிடம் இல்லாதவை. 1799இல் ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தபின் அவற்றில் சில இங்கிலாந்துக்குப் போயின. உல்விச் ஆயுதசாலையில் வில்லியம் காங்கிரீவ் என்பவர் அவற்றிலிருந்து தொடங்கித் தன் சொந்த ராக்கெட்டைச் செய்தார். 1814இல் பிரிட்டிஷார் அதை அமெரிக்கர்கள் மீது ஏவினார்கள். அதைக் கண்ட ஒரு வக்கீல் பாட்டெழுதினார். 1931இல் அந்தப் பாட்டு சட்டப்படி தேசிய கீதமாயிற்று. நாசாவின் வாலப்ஸ் தீவு மையத்தில் மைசூர் வாணக்காரர்களின் ஓவியம் ஒன்றைத் தாம் பார்த்ததை அப்துல் கலாம் 'அக்னிச் சிறகுகள்' சுயசரிதையில் சொன்னபின் இந்த விஷயம் நம் எல்லோருக்கும் பொதுச்சொத்தாகிவிட்டது. 2018இல் கர்நாடகத்தின் ஷிமோகா மாவட்டத்து நகராவில், தூர்ந்த கிணறு ஒன்றிலிருந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பழைய வாணங்களை வெளியே எடுத்தார்கள். ஆகவே கதை கட்டுக்கதையல்ல.

இந்த உண்மையின் மேல் ஒட்டிக்கொண்ட பொய்களும் உண்டு. பம்பாயில் கட்டிய 'மிண்டன்' கப்பலில் இருந்துதான் அந்த வக்கீல் தன் பாட்டை எழுதினார் என்பது அவற்றில் ஒன்று. அவர் இருந்தது சமாதானக் கொடி தாங்கிய ஓர் அமெரிக்கக் கப்பலில். ஆனால் இந்தப் பொய்கள் என்னை அவ்வளவாகத் தொந்தரவு செய்யவில்லை. உண்மையான பகுதியைச் சொல்கிற விதம்தான் தொந்தரவு செய்கிறது. ஏவியவனைச் சொல்கிறோம், கண்டுபிடித்தவனைச் சொல்கிறோம், பாடியவனைச் சொல்கிறோம். அது யார் மேல் விழுந்தது என்ற கேள்வி நமக்கு எழுவதேயில்லை.

2

1767 செப்டம்பரில் செங்கத்திலும் திருவண்ணாமலையிலும் ஹைதரும் நிஜாமும் ஒரு பக்கமும், கர்னல் ஜோசப் ஸ்மித் தலைமையில் கும்பெனிப் படை ஒரு பக்கமுமாகச் சண்டையிட்டார்கள். தினம் இந்த ஊர்களுக்குப் பஸ்ஸில் போய்வருகிறவர்களுக்கு இது ஞாபகத்தில் இல்லை. ஞாபகப்படுத்தும் அடையாளமும் அதிகம் இல்லை. ஜவ்வாது மலைக்கு மேற்கே பாராமகால் ஹைதரின் ஆட்சியில் இருந்தது. மலைக்குக் கிழக்கே நாம் ஆற்காட்டு நவாபின் சீமை. நவாபோ கும்பெனிக்காரர்களிடம் கடன்பட்டவர். இரண்டு பக்கமும் பேசியது தமிழ். இரண்டு பக்கமும் வரி செலுத்தியது ஒரே விதமான குடியானவன்.

1780 ஜூலையில் ஹைதர் மறுபடி இறங்கினார். வழி அதே செங்கம் கணவாய். படையின் எண்ணிக்கையை எண்பதாயிரம், தொண்ணூறாயிரம் என்று சொல்கிறார்கள். கும்பெனிப் படைக்கு ஒரு பிடி தானியமோ ஒரு கட்டு வைக்கோலோ கிடைக்கக்கூடாது என்பது யுத்த தந்திரம். அதற்காக வேலூரையும் சென்னையையும் சுற்றிக் கிராமங்கள் கொளுத்தப்பட்டன. ஜனங்கள் மாட்டை ஓட்டிக்கொண்டு காட்டுக்கும் கோட்டைக்கும் ஓடினார்கள். பின்னால் பஞ்சம் வந்தது. 'ஐதர் கலாபம்' என்று பழைய வழக்கு ஒன்று உண்டு. கலாபம் என்ற அந்தச் சொல்லில் யார் பக்கம் நியாயம் என்ற விசாரமே இல்லை. அனுபவித்தவன் வைத்த பெயர் அது.

செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் கர்னல் பெய்லியின் படை அழிந்தது. ஆங்கிலேயர் பொல்லிலூர் என்று எழுதுகிற ஊர் இதுதான். மகேந்திரவர்மப் பல்லவன் பகைவரை முறியடித்ததாகக் காசக்குடிச் செப்பேடு சொல்கிற ஊரும் இதுதான். பெய்லியின் மருந்து வண்டிகள் வெடித்ததே முடிவுக்குக் காரணம். வெடிக்க வைத்தது வாணமா பீரங்கிக் குண்டா என்பதில் சரித்திரக்காரர்கள் ஒத்துப்போகவில்லை. சில மைல் தூரத்தில் பெரிய படையுடன் இருந்த ஹெக்டர் மன்றோ உதவிக்குப் போய்ச் சேரவில்லை. தன் கனத்த பீரங்கிகளைக் காஞ்சிபுரத்துக் கோவில் குளத்தில் தள்ளிவிட்டுச் சென்னையைப் பார்க்கத் திரும்பினார். ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் இந்த வெற்றி முழுவதும் தீட்டப்பட்டிருக்கிறது.

பெய்லியின் கீழ் இருந்தவர்கள் நாலாயிரத்துக்குக் கொஞ்சம் குறைவு. அதில் வெள்ளைக்காரர்கள் சில நூறு பேர். மற்ற எல்லோரும் மதராஸ் ராணுவத்துச் சிப்பாய்கள். தமிழும் தெலுங்கும் உருதுவும் பேசியவர்கள். மாதச் சம்பளத்துக்காகச் சிவப்புச் சட்டை மாட்டிக்கொண்டவர்கள். 'நம்முடைய' வாணம் முதலில் விழுந்தது இவர்கள் மேல்தான். சிறைப்பட்ட வெள்ளை அதிகாரிகள் பின்னால் நினைவுக் குறிப்புகள் எழுதினார்கள். சிப்பாய் எழுதவில்லை. அவன் பெயர் எங்கேயாவது இருந்தது என்றால் சம்பளப் பட்டியலில் இருந்திருக்கும். பட்டியலில் பெயர் இருப்பதும் சரித்திரத்தில் இருப்பதும் ஒன்றல்ல என்பது கணக்குப் புத்தகங்களோடு பிழைக்கிற எனக்குத் தெரியும்.

3

இந்த யுத்தத்துக்கு இன்னொரு கரை இருந்தது. அதே ஆண்டுகளில் அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் பதின்மூன்று குடியேற்றங்கள் பிரிட்டனை எதிர்த்துச் சண்டையிட்டுக்கொண்டிருந்தன. எதிரிக்கு எதிரி நண்பன். ஹைதரின் பெயர் பிலடெல்பியா வரை எட்டியிருந்தது. பென்சில்வேனியாக்காரர்கள் ஒரு வியாபாரக் கப்பலில் பீரங்கிகளை ஏற்றி, அதற்கு 'ஹைதர் அலி' என்று பெயர் வைத்தார்கள். 1782 ஏப்ரல் 8ஆம் தேதி டெலவேர் விரிகுடாவில் அந்தக் கப்பல், தன்னைவிடப் பலமுள்ள 'ஜெனரல் மங்க்' என்ற பிரிட்டிஷ் கப்பலை அரைமணி நேரத்துக்குள் பிடித்தது. தலைமை தாங்கிய ஜோஷுவா பார்னிக்கு அப்போது 22 வயது. புரட்சியின் கவி என்று பேரெடுத்த பிலிப் ஃபிரனோ இந்தக் கப்பலைப் பாடியிருக்கிறார்.

இது நடந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 2ஆம் தேதி நிஜமான ஹைதர் அலி இங்கே ஆரணியில் ஐர் கூட்டின் படையோடு மோதினார். ஹைதரின் தானியமும் மருந்தும் ஆரணிக் கோட்டையில் இருந்தன. அதைப் பிடிக்கக் கூட் வந்தார், முடியவில்லை. அந்த டிசம்பரிலேயே ஹைதர் சித்தூருக்கு அருகே இறந்துபோனார். போளூரிலிருந்து ஆரணி எவ்வளவு தூரம் என்று இந்தப் பக்கத்தாருக்குச் சொல்லவேண்டியதில்லை. டெலவேரில் ஹைதர் என்பது விடுதலையின் பெயர். அதே மாதங்களில் ஆரணிக் குடியானவனுக்கு அந்தப் பெயர், ராத்திரியில் ஊரை விட்டு ஓடுவதற்கான காரணம். இந்த இரண்டில் ஒன்றைப் பொய் என்று ஒதுக்கிவிட்டால் சரித்திரம் சுலபமாகிவிடும். ஆனால் இரண்டுமே உண்மை.

பி.ஏ.யில் எங்களுக்கு எட்மண்ட் பர்க் பாடமாக இருந்தார். அமெரிக்காவோடு சமரசம் வேண்டும் என்று 1775இல் அவர் ஆற்றிய உரை. அதே பர்க் பத்து வருஷம் கழித்து, 1785 பிப்ரவரியில், ஆற்காட்டு நவாபின் கடன்களைப் பற்றிப் பேசிய உரையை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அது நம் ஊரைப் பற்றியது. ஹைதர் கர்நாடகச் சமவெளிமேல் இறங்கியதை மலைச்சரிவில் திரண்டு நிற்கும் ஒரு மேகமாக அதில் அவர் காட்டுகிறார். அந்த யுத்தத்துக்கு மூலகாரணம் நவாபும் அவருக்கு வட்டிக்குக் கொடுத்த கும்பெனி உத்தியோகஸ்தர்களும்தான், இந்தக் கடன்களில் பெரும்பகுதி மோசடி என்று வாதிடுகிறார். கடன் பத்திரங்களுக்குப் பின்னால் எரிகிற கிராமத்தைக் கண்ட பார்வை அது. இவ்வளவு தெளிவோடு லண்டனில் அன்று பேசியவர்கள் குறைவு. ஆனால் அந்த மகத்தான வசனத்திலும் நம் ஜனங்கள் திரளாக ஓடுகிறார்கள், திரளாகச் சாகிறார்கள். ஒருவனாவது நின்று ஒரு வார்த்தை பேசுவதில்லை. அனுதாபம் இருக்கிறது, முகம் இல்லை.

4

அமெரிக்கா தனிநாடாகி முப்பது வருஷம் ஆவதற்குள் மறுபடியும் பிரிட்டனோடு யுத்தம் வந்தது. நெப்போலியனோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த பிரிட்டன், அமெரிக்கக் கப்பல்களை நடுக்கடலில் நிறுத்தி, வியாபாரத்தைத் தடுத்து, மாலுமிகளைப் பலவந்தமாகத் தன் கடற்படையில் சேர்த்துக்கொண்டது. மேற்கு எல்லையில் பூர்வகுடிகளுக்கு ஆயுதம் கொடுப்பதாகவும் குற்றச்சாட்டு இருந்தது. கனடாவைப் பிடித்துக்கொள்ளும் ஆசையும் அமெரிக்காவில் சிலருக்கு இருந்தது. 1812 ஜூன் 18ஆம் தேதி ஜனாதிபதி மாடிசன் யுத்தப் பிரகடனத்தில் கையெழுத்திட்டார். அடுத்த வருஷம் அமெரிக்கர்கள் கனடாவில் யார்க் நகரை எரித்தார்கள். இன்றைய டொராண்டோ அது.

1814 ஆகஸ்ட் 24ஆம் தேதி வாஷிங்டனுக்கு வெளியே பிளாடன்ஸ்பர்க்கில் பிரிட்டிஷார் காங்கிரீவ் ராக்கெட்டுகளை ஏவினார்கள். ராக்கெட்டினால் செத்தவர்கள் அதிகமில்லை. ஆனால் அதன் சத்தத்தையும் தாறுமாறான போக்கையும் அந்த ஊர்க்காவல் படையினர் அதற்கு முன் கண்டதில்லை. ஓடினார்கள். களத்துக்கு வந்திருந்த மாடிசனும் திரும்பவேண்டியதாயிற்று. அன்று ராத்திரி வெள்ளை மாளிகை எரிந்தது.

ஓடாமல் நின்றவர்கள் கப்பற்படையைச் சேர்ந்த சுமார் ஐந்நூறு பேர். அவர்கள் தலைவர் தொடையில் குண்டு பாய்ந்து கைதியானார். அவர் பெயர் ஜோஷுவா பார்னி. 32 வருஷத்துக்கு முன் 'ஹைதர் அலி' கப்பலை நடத்தியவரேதான். எந்த மன்னனின் பெயரைக் கப்பலில் எழுதிக்கொண்டு பிரிட்டனை ஜெயித்தாரோ அந்த மன்னனின் வாணம் பிரிட்டிஷ் கையிலிருந்து அவரை நோக்கி வந்தது. நாவலில் எழுதினால் நம்பமாட்டோம். பார்னிக்கு இது தோன்றியிருக்குமா என்று யோசித்துப் பார்க்கிறேன். ஆயுதத்துக்கு ஞாபகமில்லை. யார் கையில் இருக்கிறதோ அவர் சொல்கிற திசையில் போகிறது. ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கும் பிளாடன்ஸ்பர்க்குக்கும் இடையில், 1807இல், கோபன்ஹேகன் நகரத்து வீடுகளின்மேலும் அது விழுந்திருந்தது. இந்தப் பயணத்தில் எந்த நிறுத்தத்தில் அதை 'நம்முடையது' என்று இறக்கிக்கொள்வது?

5

மூன்று வாரம் கழித்து, செப்டம்பர் 13 காலையில், பிரிட்டிஷ் கப்பல்கள் பால்டிமோர் துறைமுகத்தின் மக்ஹென்றி கோட்டையைத் தாக்கத் தொடங்கின. 'எரிபஸ்' என்ற கப்பல் ராக்கெட் ஏவியது. மற்றவை வெடிகுண்டுகளை வீசின. சுமார் 25 மணி நேரம் நடந்த தாக்குதலில் கோட்டைக்குள் இறந்தவர்கள் நாலு பேர். கைதி ஒருவரை விடுவிக்கப் போன வக்கீல் பிரான்சிஸ் ஸ்காட் கீ ராத்திரி முழுவதும் கப்பலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தார். பிளாடன்ஸ்பர்க்கிலும் அவர் களத்தில் இருந்தவர். விடிந்தபோது கோட்டையில் கொடி இறங்கவில்லை. அதைக் கண்ட பரவசம் பாட்டாயிற்று. மெட்டு லண்டன் சங்கீத சபை ஒன்றினுடையது. எதிரியின் மெட்டு, எதிரியின் ராக்கெட். இரண்டையும் எடுத்துத் தன் தேசத்தைப் பாடிவிட்டார் கீ. கவிதையின் சாமர்த்தியம் அது, குறைசொல்வதற்கில்லை. அழிக்க வந்த நெருப்பு அந்தப் பாட்டில் கொடியைக் காட்டிக்கொடுக்கும் வெளிச்சமாகிவிடுகிறது.

ஆனால் அந்தப் பாட்டில் இப்போது யாரும் பாடாத ஒரு சரணம் உண்டு. மூன்றாவது. எதிரியின் பக்கம் நின்ற கூலிக்காரர்களையும் அடிமைகளையும் குறிப்பிட்டு, அவர்களுக்கு ஓட்டமும் சாவும்தான் கதி என்று அது முழங்குகிறது. இதில் அடிமை என்பது யார் என்று ஆராய்ச்சியாளர்களிடையே தகராறு இருக்கிறது. தகராறு இல்லாத விஷயம் ஒன்றுண்டு. 1814 ஏப்ரலில் பிரிட்டிஷ் தளபதி காக்ரேன், தங்கள் பக்கம் வருகிறவர்கள் படையில் சேரலாம் அல்லது பிரிட்டிஷ் குடியேற்றங்களில் சுதந்திரர்களாக வாழலாம் என்று அறிவித்தார். செசபீக் கரையின் புகையிலைத் தோட்டங்களிலிருந்து கறுப்பு அடிமைகள் பெண்டு பிள்ளைகளோடு தப்பிப் போனார்கள். அந்தக் கரையிலிருந்து மட்டும் போனவர்கள் ஏறத்தாழ நாலாயிரம் பேர் என்கிறார்கள். அவர்களில் படையில் சேர்ந்தவர்கள் 'காலனியல் மரீன்' என்ற பெயரில் பிளாடன்ஸ்பர்க்கிலும் பால்டிமோரிலும் சண்டையிட்டார்கள். சுதந்திரர்களின் பூமியைப் பாடிய கீ அடிமைகளை உடைமையாக வைத்திருந்தவர்.

எதிர்ப்பக்கத்திலும் ஒருவன் இருந்தான். சார்லஸ் பால் என்ற கறுப்பன், தப்பிவந்த அடிமை, பார்னியின் பீரங்கிப் படையில் நின்று பிளாடன்ஸ்பர்க்கில் சண்டையிட்டான். பிரிட்டிஷ் கப்பலுக்கு ஓடிப்போன அடிமைகளைத் திரும்பிவரும்படி பேசிப்பார்க்க ஒருமுறை அவனை அனுப்பினார்கள். அவர்கள் வர மறுத்துவிட்டார்கள். 1836இல் வெளியான தன் சரித்திரத்தில் இதையெல்லாம் அவனே சொல்கிறான். இந்தக் கதைகள் அனைத்திலும் ராக்கெட்டின் அடியில் நின்ற ஒருவன் தன் வாயால் பேசியது எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான்.

கீயின் சரணத்தைப் படிக்கும்போது எனக்குப் புள்ளலூர்ச் சிப்பாய் ஞாபகத்துக்கு வந்தான். அந்நியன் பக்கம் நின்றவன். தேசபக்தி என்ற சொல்லால் அளந்தால் இரண்டு பேருமே துரோகிகள். ஆனால் அந்தக் கறுப்பு மரீனுக்குத் தேசம் என்பது அவனைச் சங்கிலியில் வைத்திருந்த இடம். நம் சிப்பாய்க்குத் தேசம் என்ற சொல்லே இன்றைய அர்த்தத்தில் இல்லை. நவாப், ஹைதர், கும்பெனி என்று மூன்று எஜமானர்களில் மாதம் தவறாமல் சம்பளம் கொடுப்பவன் யார் என்ற கேள்விதான் இருந்தது. இரண்டு பேரையும் ஒன்று என்று சொல்லிவிடக் கூடாது. ஒருவன் விடுதலைக்குப் போனான், மற்றவன் கூலிக்குப் போனான். ஆனால் அவர்கள் விட்டுச்சென்ற இடம் ஒன்றுதான். பாட்டில் ஒருவனுக்கு வசவு கிடைத்தது. மற்றவனுக்கு அதுவும் இல்லை.

6

1814 டிசம்பர் 24ஆம் தேதி கென்ட் நகரில் சமாதானம் கையெழுத்தாயிற்று. யாருக்கும் ஒரு முழம் நிலம்கூடக் கைமாறவில்லை. சமாதானச் செய்தி மெதுவாகப் பயணம் செய்தது. 1815 ஜூன் 30ஆம் தேதி ஜாவாவுக்கருகே சுந்தா நீரிணையில் 'பீகாக்' என்ற அமெரிக்கக் கப்பல், கும்பெனியின் 'நாட்டிலஸ்' கப்பலைத் தாக்கியது. யுத்தம் முடிந்துவிட்டது என்று கும்பெனிக் கப்பலின் தலைவர் சொல்லியும் அமெரிக்கத் தலைவர் நம்பவில்லை. அந்த யுத்தத்தின் கடைசிக் கடற்சண்டை இது. செத்தவர்களில் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட ஆசிய மாலுமிகளும் இருந்தார்கள். யாரோ இருவருடைய யுத்தம், அதுவும் முடிந்துபோன யுத்தம். அதிலும் சாவதற்கு நம் பக்கத்து ஆள் கிடைத்துவிட்டான்.

காலனியல் மரீன்களை பிரிட்டன் டிரினிடாட் தீவில் நிலம் கொடுத்துக் குடியேற்றியது. 1816இல் படைப்பிரிவு வாரியாகக் கிராமங்கள் அமைத்துக்கொண்டார்கள். அவர்கள் சந்ததியார் இன்றும் தங்களை 'மெரிக்கின்' என்று சொல்லிக்கொள்கிறார்கள். முப்பது வருஷம் போனபின் அதே தீவின் கரும்புத் தோட்டங்களுக்குக் கல்கத்தாவிலிருந்தும் சென்னையிலிருந்தும் கூலிக் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. இரு கரைகளின் பெயரற்றவர்கள் மூன்றாவது கரையில் அண்டை வீட்டுக்காரர்களானார்கள். இதைப் பற்றி எந்த கீதமும் கிடையாது.

தமிழில் யுத்தத்தைப் பாடும் மரபு இல்லாமலில்லை. செஞ்சியில் மடிந்த தேசிங்கு ராஜனுக்கு நாட்டுப்பாடல் உண்டு. கும்பெனியின் சிப்பாய்களுக்குத் தலைவனாகி, பின்னால் கும்பெனியையே எதிர்த்து 1764இல் தூக்கிலே தொங்கிய யூசுப்கானுக்கு 'கான்சாகிபு சண்டை' உண்டு. ஆனால் பாட்டுக்காரனின் கண் எப்போதும் குதிரை மேல் இருந்தவனைப் பார்த்தது. நவீனத் தமிழ் எழுத்தாவது குதிரைக்குக் கீழே பார்த்திருக்கிறதா? சரித்திர நாவல் என்ற பெயரில் அரண்மனை அந்தப்புரங்களைத் தாண்டாதவர்களை விட்டுவிடுவோம். தீவிர இலக்கியம் என்று சொல்லிக்கொள்கிற நாமும் ஆரணிச் சமவெளியின் இந்த இருபது வருஷத்துக் கலாபத்தைத் தொட்டுப் பார்க்கவில்லை. கேட்டால் ஆதாரம் இல்லை என்போம். ஆதாரம் இல்லாத இடத்தில்தானே எழுத்தாளன் தேவைப்படுகிறான்? அது முடியாதபோது பெருமை கைகொடுக்கிறது. கைபேசியில் வருகிற பெருமைக்கு எந்த உழைப்பும் வேண்டியதில்லை.

தீபாவளி ராத்திரி எங்கள் தெருவில் பிள்ளைகள் காலி பாட்டிலில் ராக்கெட்டைச் செருகிப் பற்றவைத்தார்கள். அது சீறிக்கொண்டு மேலே போனதும் எல்லாத் தலைகளும் அண்ணாந்தன. தெருக்கோடியில் கூரை வீட்டுக்காரக் கிழவி ஒருத்தி மட்டும் ஆகாயத்தைப் பார்க்கவில்லை. வாசலில் ஒரு குடம் தண்ணீரை வைத்துக்கொண்டு, அது எங்கே விழுகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று கவுண்டரில் என்னைக் கேட்டவர் மறுபடி வந்தால் என் பதிலைக் கொஞ்சம் திருத்திச் சொல்ல வேண்டும். ராக்கெட் நம்முடையதுதான். அது விழுந்த கூரையும் நம்முடையதுதான்.